நாற்பது கடிகாரங்களும் ஒரு புலியும்

ஒரு காட்டில், வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்த பிறகும், குட்டை மட்டும் ஒன்றே ஒன்றுதான். அதனால் முறை வைத்துக் குடித்தார்கள். மாலை ஆறு முதல் ஆறேகால் வரை மான்கள், பிறகு புலி. ஆறேகாலுக்கு மேல் கரையில் நிற்பது எதுவானாலும் புலியின் சிற்றுண்டி என்று விதிப்புத்தகம் சொன்னது. மான்களும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தன. யார் படித்துப் பார்த்தார்கள்?

தினமும் காலையில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் நேர அலுவலர் கரடி கோதண்டத்திடம் மணி கேட்டுத் திருத்திக்கொள்ளும். புள்ளிமான் சிங்காரியின் கம்ப்யூட்டருக்குள் இருந்ததோ நரி கடையில் வாங்கிய மட்டமான கடிகாரம். காலையில் சரியாகக் கிளம்பி, மாலைக்குள் கால் மணி நேரம் பின்தங்கிவிடும். ஒருநாள் ஆறு மணி என்று நம்பித் தண்ணீருக்குக் குனிந்தாள். எதிரே புலி, கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வால் நுனியைப் பறிகொடுத்துவிட்டு, கோதண்டத்திடம் ஓடினாள்.

"ஐயா, நீங்க குடுத்த மணிதானே!"

"நான் சுத்தமான மணிதாம்மா குடுக்கிறேன். உன் கடிகாரம் ஓட்டைக் குடம். நல்லதா ஒண்ணு வாங்கு. இல்லேன்னா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி கேக்க மனு குடு. நாலு மணிக்கு கவுன்டர் மூடிடும்."

மூன்று நாள், தன் கடிகாரத்தில் நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய் நின்றாள். மூன்று நாளும் கவுன்டர் மூடியிருந்தது. குட்டைப் பக்கம் போகப் பயந்து, தாகத்தில் நாக்கு வறண்டது. பாவம், வேறு வேலையில்லாமல் விதிப்புத்தகத்தைப் படித்தாள்.

'மணியில் தகராறு வந்தால், நேர அலுவலருடையது தவிர எல்லாக் கடிகாரங்களையும் பார்த்து, கூட்டத்தோடு ஒத்துப்போகாததை ஒதுக்குக.'

சிங்காரி துள்ளிக் குதித்தாள். காடே நரி கடையில்தானே வாங்கியிருந்தது! கோதண்டத்தை வீட்டு வாசலிலேயே மடக்கி, சோதனையை மாலையில் வைக்கச் சொன்னாள்.

நாற்பது கடிகாரங்கள் ஆறு என்றன. புலியின் வெளிநாட்டுக் கடிகாரம் மட்டும் ஆறேகால் என்றது.

"நூறு வருஷமானாலும் ஒரு நொடி பிசகாதுய்யா இது!" என்று புலி உறுமியது.

"அதான் கோளாறு. யாரோடயும் ஒத்துப்போக மாட்டேங்குது" என்று கோதண்டம் அதை ஒதுக்கி, புலிக்கும் நரி கடைக் கடிகாரத்தையே மாட்டிவிட்டார்.

மறுநாள் சிங்காரி வயிறு முட்டக் குடித்து, வாய் கொப்பளித்து, பாட்டுப் பாடிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகுதான் புலி வந்தது.

"கோதண்டம், சூரியனே அஸ்தமிச்சிடுச்சேய்யா!"

"கவனிச்சேங்க. கால் மணி நேரம் முந்தி மறைஞ்சதுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியாச்சு."

நீதி: நல்ல கடிகாரம் வாங்கினால் சரியான நேரம் தெரியும், மட்டமான கடிகாரத்தை எல்லோரும் வாங்கினால் அதுதான் சரியான நேரம்.