கண்ணால் பார்த்த முதல் அடி

ஒரு காலுக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டு நிமிர்வதற்குள் குட்டி மற்ற காலின் சாக்ஸைக் கழற்றி வாயில் போட்டுக்கொண்டாள். சாக்ஸ் இல்லாத கால் உள்ளே வரக் கூடாது என்பது அந்த விளையாட்டுக்கூடத்தின் சட்டம். அம்மாக்காரி அசரவில்லை. ஈரச் சாக்ஸையே மறுபடி மாட்டி, இரண்டு கால்களையும் கையில் இறுக்கிப் பிடித்தபடி உள்ளே நுழைந்தாள்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. கணவனுக்கு அச்சகத்தில் இரவு வேலை என்பதால் பகலெல்லாம் குட்டியைப் பார்த்துக்கொள்வது அவன்தான். குட்டி குப்புற விழுந்ததும், முதல் பல் எட்டிப் பார்த்ததும் அவன் போனில் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். குட்டி நடப்பதையாவது தன் கண்ணால் முதலில் பார்த்துவிட வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நடக்க வைக்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு.

துணைக்குத் தோழியும் அவள் மகன் வாண்டுவும். வாண்டு எல்லாக் குழந்தைகளுக்கும் முன்பே நடந்தவன். தோழி அதைச் சொல்லாத நாள் கிடையாது.

அம்மாக்காரி மெத்தையின் கோடியில் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டினாள். குட்டி தவழ்ந்தே விரைந்து வந்து, அதைப் பிடுங்கிக்கொண்டு, தவழ்ந்தே திரும்பிப் போனாள்.

"தவழ இடம் இருந்தா அவ ஏன்டி நடக்கப் போறா?" என்றாள் தோழி. "பந்துத் தொட்டியில இறக்கிவிடு. எழுந்து நின்னுதான் ஆகணும்."

இறக்கினார்கள். குட்டி நிற்கவில்லை. கழுத்துவரை பந்துகளில் சௌகரியமாக உட்கார்ந்தாள். பிறகு மெல்லச் சரிய ஆரம்பித்தாள். அம்மாக்காரி பதறிப்போய் உள்ளே பாய்ந்தாள். குட்டி கைக்கு வந்தாள், மூக்குக்கண்ணாடி போய்விட்டது.

கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குச் சுவரும் கதவும் ஒன்றுதான். தேடுவதற்காகத் தோழி தொட்டிக்குள் இறங்க, கேட்பாரில்லாத வாண்டு சறுக்குமரத்தின் உச்சியில் ஏறி நின்று அழத் தொடங்கினான். தோழி தேடலை விட்டுவிட்டு மேலே ஏறினாள். அவனை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கியவள் பாதி வழியில் இடுப்பு சிக்கி நின்றுவிட்டாள். அது குழந்தைகளின் அளவுக்குச் செய்த சறுக்குமரம்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். அம்மாக்காரி குட்டியை மெத்தையில் இறக்கிவிட்டு, தட்டுத் தடுமாறிக் கொஞ்சம் தள்ளிப் போய் மண்டியிட்டாள். எதிரே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. குட்டியின் சட்டையும் மஞ்சள்தான். வாடி செல்லம், அம்மாகிட்ட வா என்று கெஞ்சினாள், கொஞ்சினாள். நீ நடந்தா அம்மா இனிமே ஞாயிற்றுக்கிழமை வேலைக்கே போக மாட்டேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். மஞ்சள் அசையவே இல்லை.

"அது மெத்தையில இருக்கிற வாத்து பொம்மைடி," என்றது சறுக்குமரத்திலிருந்து குரல். "உன் பொண்ணு பின்னாடி நிக்கிறா."

திரும்பினாள். இன்னொரு மஞ்சள், ஆடி ஆடிப் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"நடக்கிறாளா?"

"நடக்கிறாடி. கையில உன் கண்ணாடி வேற."

எச்சிலில் நனைந்த கண்ணாடி வந்து அவள் மூக்கில் இடித்தது. மாட்டிக்கொண்டு பார்ப்பதற்குள் குட்டி பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அம்மாக்காரி அவளை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்துக் குலுங்கிச் சிரித்ததாலோ என்னவோ, சிக்கியிருந்த தோழியும் விடுபட்டுத் தொப்பென்று தரைக்கு வந்து சேர்ந்தாள்.

அம்மாக்காரி உடனே கணவனுக்குப் போன் போட்டாள். தூக்கத்திலிருந்து எழுந்தவன் நம்பவே இல்லை. நிஜமாவா, நிஜமாவா என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

"அப்ப நீதான் முதல்ல பார்த்தியா?"

"ஆமா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்," என்றாள் அவள், கூசாமல்.

போனை வைத்தபோது, பந்து துடைக்கும் அம்மாள் வாளியோடு அப்போதுதான் வேலைக்கு வந்தார். வாளியை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து குட்டியின் கன்னத்தைத் தட்டினார்.

"என்ன பாப்பா, இன்னிக்கு உக்காந்துட்ட? அப்பாகூட வந்தா கூடம் பூரா ஓடுவியே?"