வெறுங்கையோடு வாருங்கள், சம்பந்தி

சுருளிப்பட்டி,
வியாழக்கிழமை.

மயிலாடும்பாறை சம்பந்தி வீரபாண்டி அவர்களுக்கு, சுருளிவேல் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் வீட்டில் அனைவரும், மாடு கன்று உட்பட, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. போனில் சொல்லியிருப்பேன், நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவீர்கள், பக்கத்து வீடும் கேட்கும். அதனால் கடிதம்.

முதலில் ஒன்று. உங்கள் காதுக்கு வந்த சேதிபோல் என் மகள், உங்கள் மருமகள் வேல்விழி எங்களிடம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. நாங்கள் விரட்டவும் இல்லை. நடந்தது இதுதான். வளைகாப்பு முடிந்து அவளை இங்கே அழைத்துவந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். பிறகு ரத்தம் எடுத்து, சர்க்கரை இருக்கிறது என்றார்கள். குடிக்கக் கொடுத்தால் இல்லாமல் எங்கே போகும்? இதை நர்சம்மாவிடமே கேட்டேன். அவர் சிரிக்காமல், "உங்க வீட்ல யாருக்காச்சும் சுகர் இருக்கா?" என்றார். "எங்க வீட்ல யாரும் டெஸ்ட்டே எடுத்ததில்லம்மா, அதனால யாருக்கும் இல்ல" என்றேன். அது பணக்கார வியாதி என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? வீடு மாறி வந்துவிட்டதோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு, ரசம். வாயும் வயிறுமாக இருப்பவளாச்சே என்று இன்னும் ஒரு கரண்டி சோறு. "காய்?" என்றார். காய்க்கா பஞ்சம், தோட்டம் நிறைய அவரை காய்க்கிறது. ஆனால் அது விடிவதற்குள் மூட்டையாகிக் குமுளிச் சந்தைக்குப் போய்விடும். விற்கிற காயைத் தின்றால் எதை விற்பது? முட்டை, பயறு, கீரை கொடுங்கள், சோற்றைக் குறையுங்கள் என்கிறார். சம்பந்தி, எங்களுக்குச் சும்மா கிடைப்பது அந்தச் சோறு ஒன்றுதான். அதைக் குறைத்து, காசு கொடுத்து வாங்குவதைக் கூட்டச் சொல்கிறார்கள். சரியென்று இந்த வாரம் அவரையில் ஒரு பங்கை வீட்டில் நிறுத்தினேன். எனக்கு உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று கமிஷன் கடைக்காரர் போன் போட்டு விசாரித்தார்.

அடுத்தது நடை. கல்யாணத்துக்கு முன்னால் ஏலக்காய்த் தோட்ட வேலையில் மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய பிள்ளை. உண்டானதும் நீங்கள் நாற்காலியில் உட்காரவைத்தீர்கள், நாங்கள் கட்டிலில் படுக்கவைத்தோம். இப்போது தினமும் நடக்கச் சொல்கிறார்கள், நடக்க ஊர் விட்டால்தானே. வாய்க்கால் பாலம் தாண்டுவதற்குள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் நின்றுவிட்டது. டிரைவர் ஆரிப், "என்னத்தா, இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு எங்கன போற? வீட்ல சண்டையா?" என்றிருக்கிறான். "டாக்டரு நடக்கச் சொன்னாக" என்றிருக்கிறாள் இவள். "எந்த டாக்டரு புள்ளத்தாச்சிய ரோட்ல நடக்கவிடுவாக? ஏறு." வேலைக்குப் போகிற ஜீப்பைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, "பொண்ண ஒழுங்கா வச்சுக்கங்க" என்று எனக்குப் புத்தி வேறு சொன்னான். மறுநாள் பால்வண்டி. அதற்கு மறுநாள் கரும்பு டிராக்டர். நானே அவளோடு சேர்ந்து நடந்து பார்த்தேன்; அப்பனே புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரப்போகிறான் என்று பேச்சு. தங்கையை உங்கள் ஊரில் கட்டிக்கொடுத்த ஒருத்தி அந்த ஜீப்பில் இருந்தாளாம். சேதி உங்களிடம் வந்த வழி அதுதான்.

இரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். சர்க்கரை குறையாவிட்டால் தினமும் ஊசி. பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்தால் பிரசவமும் சிக்கலாகலாம் என்றார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, சம்பந்தி. இதை என் வீட்டுக்காரி பொன்னாத்தாளிடம்கூடச் சொல்லவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்வது: ஞாயிற்றுக்கிழமை மருமகளைப் பார்க்க வரும்போது அதிரசம், லட்டு எதுவும் வேண்டாம். எதிரில் வைத்தால் அவள் தின்பாள், வேண்டாம் என்றால் அழுவாள். தயவுசெய்து வெறுங்கையோடு வாருங்கள்.

மாப்பிள்ளை திலீபனுக்கு என் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். பிறக்கப்போகிற பிள்ளைக்குச் சுருளி வேலப்பர் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
குழப்பத்துடன்,
சுருளிவேல்

பி.கு.: கவரை ஒட்டுமுன் பொன்னாத்தாள் வாங்கிப் படித்துவிட்டாள். "சம்மந்திய வெறுங்கையோட வரச்சொல்லி எவனாச்சும் எழுதுவானா? ஊரு காறித் துப்பாதா?" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதை எழுதாததாகக் கொண்டு, வழக்கம்போல் தட்டு நிறையப் பலகாரத்தோடு வரவும். வேல்விழிதான் வழி சொன்னாள்: "மாமா பஸ்ஸ விட்டு எறங்குற எடத்துக்கு நானே வந்து கூட்டியாரேன். மாமனாரோட நடந்து வந்தா எவன் வண்டிய நிறுத்துவான்?" அதனால் நேர்வழியில் வராமல், வாய்க்கால் பாலம், கோயில் தெரு, பள்ளிக்கூடம் என்று ஊரைச் சுற்றி அவளோடு மெதுவாக நடந்து வாருங்கள். எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் பலகாரத்தைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். உங்கள் பெருமையும் ஊருக்குத் தெரியும், பேச்சும் அடங்கும், வீடு வந்து சேரும்போது தட்டும் காலியாக இருக்கும். எனக்கு மட்டும் இரண்டு அதிரசம் தனியாக மடித்து வைக்கவும். நான்தான் டெஸ்ட்டே எடுத்ததில்லையே.