துயர்நீக்கத் துறையின் கதவு

வரைபடத்தில் தேடினால் அகப்படாத சுகவன நாட்டில், அரசுக்குத் தெரியாமல் யாரும் துக்கப்படக் கூடாது என்று சட்டம் இருந்தது. துக்கம் வந்தவர்கள் துயர்நீக்கத் துறைக்குப் போய் விண்ணப்பித்தால் ஆறுதல் வழங்கப்படும்.

மயிலாத்தாளின் தம்பி இருளப்பன் நாற்பது நாளாகப் பாயை விட்டு எழவில்லை. ஆற்று வெள்ளம் மனைவியைக் கொண்டுபோனதிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தான். இப்படியே விட்டால் தம்பி மிஞ்சமாட்டான் என்று பயந்து அவள் துறைக்கு ஓடினாள்.

“விண்ணப்பதாரர் எங்கே?” என்றார் அதிகாரி தாண்டவராயர்.

“எந்திரிக்கவே மாட்டேங்கிறான், சாமி.”

“நேர்ல வராதவருக்குத் துக்கம் இருக்குன்னு நாங்க எப்படிம்மா நம்புறது?”

மறுநாள் அவனை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். அதிகாரி மேலும் கீழும் பார்த்தார்.

“அதான் நடந்து வந்துட்டாரே! அப்ப குணமாயிட்டாரு.”

‘குணமடைந்தார்’ என்று முத்திரை விழுந்தது.

மேல்முறையீட்டுக்கு, மகிழ்ச்சியாக இருக்கும் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நாட்டில் மகிழ்ச்சிச் சான்றிதழ் பெற்றவர்களே இரண்டு பேர்தான்: மன்னர், அமைச்சர். அதனால் துறையின் வாசலில் தொடங்கிய வரிசை அரண்மனை வரை நீண்டு கிடந்தது. அக்காளும் தம்பியும் அதன் வாலில் போய் நின்றார்கள்.

முன்னால் நின்றவள் வடிவு. பிள்ளையைப் பறிகொடுத்தவள். மடியிலிருந்து அவித்த கிழங்கை எடுத்து இருளப்பனிடம் நீட்டினாள்.

“பிடிய்யா. பேசல்லாம் வேணாம். மென்னா போதும்.”

மூன்றாம் நாள் அவனே கை நீட்டினான். ஒன்பதாம் நாள், “உங்களுக்கு என்னாச்சுங்க?” என்று கேட்டான். அவள் உச்சிவெயில் வரை சொன்னாள், அவன் கேட்டான். மயிலாத்தாள் மூச்சுகூட விடவில்லை; விட்டால் கலைந்துவிடுமோ என்று பயம்.

செய்தி அமைச்சருக்குப் போயிற்று.

“வரிசையே குணப்படுத்துதுன்னா கட்டடம் எதுக்கு?” என்றார் அவர். கட்டடம் அவருடைய மாமனாருக்குப் போனது. வரிசைக்குக் கதவு இருந்தால் போதுமென்று, ஊருக்கொரு கதவு மட்டும் வெறும் வெளியில் நிறுத்த ஆணை பிறந்தது. ஆறுதல் அரசின் தனியுரிமை என்பதால், வரிசையில் நிற்பவர்கள் ஐந்தடி விலகி நிற்க வேண்டும், பேசக் கூடாது, தின்பண்டம் கொடுத்தால் சிறை.

அதன்படி இருளப்பன் ஊர்க் கதவின் முன்னால் வரிசையில் வாய்மூடி நின்றான். நான்காம் நாளே கண்கள் பழையபடி சுவரைத் தேடின. அங்கே சுவர்கூட இல்லை.

திறப்புவிழா அன்று அமைச்சர் அவனைத்தான் மேடைக்கு அழைத்தார். “முதல் பயனாளி! நீயே திறப்பா.”

இருளப்பன் கதவைத் தள்ளினான். உள்ளே அறை இல்லை, அதிகாரி இல்லை. கொள்ளுக்காடு. ஒரு ஆடு மென்றுகொண்டே நிமிர்ந்து, ‘என்ன வேணும்?’ என்பதுபோல அவனைப் பார்த்தது.

“யக்கா, இங்க வா. அதிகாரி நல்லா மேயுறாரு!”

சொல்லிவிட்டுச் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, நிறுத்தமுடியாமல். மயிலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள், சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. வரிசை ஐந்தடியை மறந்து அவர்களோடு காட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்து பேசத் தொடங்கியது.

அமைச்சர் எழுத்தரைக் கூப்பிட்டார்.

“எழுதிக்கோ. திட்டம் மாபெரும் வெற்றி. பயனாளி சிரித்தார்.”

“எதைப் பார்த்துச் சிரிச்சாருன்னு போடட்டுங்களா, ஐயா?”

“அது மட்டும் வேணாம்.”