டிம்மின்ஸ் வீட்டுக் கழிப்பறைக் கதவு

பழைய ஸ்பிரிங் துப்பாக்கிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பர்மிங்ஹாமுக்கு மேற்கே, ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஏதாவது ஒரு மதுக்கடையின் பின்பக்கப் புல்வெளியில் இது கூட்டமாக மேய்வதைப் பார்க்கலாம். கிட்டே போக வேண்டியதில்லை. காற்று உங்கள் பக்கம் அடித்தால் மெஷின் எண்ணெய் வாசனை முதலில் வந்து சேரும். அடுத்தபடியாக ஒரு வாக்கியம் வந்து சேரும்: "இப்ப வர்றதெல்லாம் துப்பாக்கியா? பொம்மை."

துப்பாக்கி என்றதும் பயப்படாதீர்கள். வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கினால் உள்ளே சுருள்வில் இறுகும். விசையை அமுக்கினால் வில் விடுபட்டு, காற்றைத் தள்ளி, பயறளவு ஈயக்குண்டு ஒன்றை வெளியே துப்பும். அவ்வளவுதான். ஆனால் அது ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த துப்பாக்கியாக இருந்துவிட்டால், அதற்குள் இருக்கும் தோல் வாஷருக்கு என்ன எண்ணெய் விடுவது என்று இரண்டு பேர் சாதாரணமாகப் பேச ஆரம்பித்து, மாட்டுக்கால் எண்ணெயா தையல் மெஷின் எண்ணெயா, ஒரு சொட்டா இரண்டு சொட்டா, விட்ட பிறகு தலைகீழாக நிறுத்துவதா நேராக நிறுத்துவதா என்று வளர்ந்து, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாத அளவுக்கு முற்றிவிடும். உண்மையிலேயே போகவில்லை. தன் கட்சி எண்ணெயில் ஒரு புட்டியை மட்டும் பரிசாகத் தபாலில் அனுப்பிவைத்தார்.

இன்னொரு விஷயம். இந்த இனம் இரண்டிரண்டாகத்தான் வாழும். ஒருவர் சொல்பவர். மற்றவர் சாட்சி. சொல்பவர் சொல்லி முடித்து, தேநீரை ஒரு வாய் குடித்து, "நம்பலேன்னா இவனைக் கேளு" என்பார். சாட்சி தலையாட்டுவார். உலகத்தில் சாட்சியின் வேலை அது ஒன்றுதான். ஆனால் அதில் ஒரு நாள்கூட விடுப்பு கிடையாது.

டிப்டன் ஊரின் துப்பாக்கிச் சங்கத்தில் சொல்பவர் ஹொரேஸ் பார்ஜிட்டர். சாட்சி க்ளெம் ஃபாக்ஸால். ஹொரேஸின் கதை இது: 1961, அவருக்குப் பன்னிரண்டு வயது. கையில் மாமா கொடுத்த லாட்வுட் மார்க் த்ரீ துப்பாக்கி. பக்கத்து டிம்மின்ஸ் வீட்டின் கொல்லையில் கழிப்பறை. அதற்குக் கனத்த ஓக் மரக் கதவு. நாற்பது கஜத்திலிருந்து ஒரே குண்டு. கதவில் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியே போய்விட்டது. எழுபதுகளில் அந்தத் தூரம் இருபது கஜமாக இருந்தது என்பதைச் சங்கத்தில் எல்லோரும் அறிவார்கள். யாரும் கேட்டதில்லை. கேட்டால் அவரவர் தூரத்தையும் அடுத்தவர் கேட்பார் அல்லவா?

க்ளெம்முக்கு மட்டும் ஒரு சிறு சங்கடம் இருந்தது. அந்தக் கதவு சுடப்பட்ட வாரம் அவர் பொன்னுக்கு வீங்கி வந்து, தாடையில் துணி கட்டிக்கொண்டு படுக்கையில் கிடந்தார்.

முதல் தடவை "இவனைக் கேளு" என்று ஹொரேஸ் சொன்னபோது க்ளெம்முக்குப் பதினான்கு வயது. எதிரே நின்ற முரட்டுப் பையன்கள் ஹொரேஸை அடிக்கத் தயாராக இருந்தார்கள். தலையாட்டினார். அதோடு சரி. பிறகு ஐம்பத்தாறு வருஷம் ஆட்டிக்கொண்டே இருந்தார். நாளடைவில் மரச்சிராய் பறந்ததுகூட அவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஹொரேஸின் எழுபதாவது பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பன்றித்தோல் வறுவலும் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் மேஜையில் தயாராக இருந்தன. பதினோரு மணிக்கு ஹொரேஸின் மனைவி ஐரிஸ் காரை ஓட்டிக்கொண்டு புல்வெளிக்குள்ளேயே வந்துவிட்டாள். கார் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கதவு இருந்தது. முன் இருக்கையில் எண்பத்தெட்டு வயது மிஸஸ் டிம்மின்ஸ் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஐரிஸ் இது?" என்றார் ஹொரேஸ்.

"உன் கதவு. கொல்லைக் கழிப்பறையை இடிக்கிறாங்களாம். கேட்டேன், குடுத்துட்டாங்க. நாப்பத்தஞ்சு வருஷமா இதைப் பத்தியேதானே பேசுறே. வீட்டுக்கே கொண்டுபோய் வச்சுக்கோ."

அவள் முகத்தில் இருந்தது அன்பா வேறு ஏதாவதா என்று க்ளெம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை. கதவைப் பார்க்காமல் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

நாலு பேர் கதவை இறக்கி வேலியில் சாய்த்தார்கள். கூட்டம் மெல்ல நெருங்கியது. நெஞ்சு உயரத்தில், சுத்தமான வட்டமாக, ஓர் ஓட்டை.

தொப்பிகள் கழன்றன. ஒருவர் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார். விரல் மறுபக்கம் வந்தது. மறுபக்கம் நின்றவர் அதைத் தொட்டுப் பார்த்து, "வந்திருச்சுய்யா" என்றார். ஹொரேஸ் ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. உலகத்திலேயே அதிகமாக ஆச்சரியப்பட்டவர் க்ளெம்தான். அப்படியானால் அது நிஜமாகவே நடந்ததா? ஐம்பத்தாறு வருஷம் தான் சொன்னது பொய்யே இல்லையா?

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இந்த இனத்துக்கு விடத் தெரியாது.

"பக்கத்துல இன்னொண்ணு போடு ஹொரேஸ்," என்றது ஒரு குரல். "அதே துப்பாக்கிதானே கையில இருக்கு?"

"இன்னிக்குக் காத்து சரியில்லை."

"காத்தே இல்லையேய்யா."

"அதான் சரியில்லைங்கறேன்."

காற்று போய் வாஷர் வந்தது. வாஷர் போய் இந்தக் காலத்து ஈயம் வந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் ஹொரேஸ் நாற்பது கஜம் நடந்துபோய், குழலை மடக்கி, குண்டைப் போட்டு, குறி பார்த்தார். கிரீச்சென்று ஒரு சத்தம், எண்ணெய்ப் புகை கொஞ்சம், பிறகு 'டப்'. போய்ப் பார்த்தார்கள். கதவில் பென்சிலால் தொட்டதுபோல ஒரு சாம்பல் புள்ளி. கீழே புல்லில் தட்டையாக ஒரு குண்டு.

முப்பது கஜத்துக்கு வந்தார். இரண்டாவது புள்ளி. இருபதுக்கு வந்தார். மூன்றாவது. பத்து கஜத்தில் சுட்ட குண்டு கதவில் மோதித் திரும்பிவந்து அவர் தொப்பியின் முனையைத் தட்டிவிட்டுப் போனது. ஐரிஸ் ரொட்டியைக் கடித்தபடி, "கதவு உன்னைத் திருப்பிச் சுடுது" என்றாள்.

"ஓக் மரம் வருஷம் போகப் போக இரும்பாயிரும்," என்றார் ஒருவர் அவசரமாக.

"ஆமாம், அதுலயும் கழிப்பறை ஓக்," என்றார் இன்னொருவர். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

அப்போது காரின் கண்ணாடி இறங்கியது.

"அந்த ஓட்டையைப் பத்தியா இவ்வளவு நேரமா பேசுறீங்க?" என்றாள் மிஸஸ் டிம்மின்ஸ். "அது எங்க வீட்டுக்காரர் துளைச்சதுப்பா. எங்களுக்குக் கல்யாணமான வருஷம், அம்பத்தி ஒண்ணுல. உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. அதுல கயிறு விட்டு, வெளியே கொண்டியில கட்டி, உள்ளே உக்காந்தவங்க இழுத்துப் பிடிச்சுக்கணும்."

ஹொரேஸ் துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபது வயது மனிதர் சட்டென்று பன்னிரண்டு வயதுப் பையன்போல, அடி வாங்கப் போகிறவன்போலத் தெரிந்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை. க்ளெம்மை மட்டும் பார்த்தார். "இவனைக் கேளு" என்று சொல்லக்கூடத் தைரியம் இல்லாத பார்வை.

க்ளெம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அப்படின்னா," என்றார், "குண்டு அந்த ஓட்டை வழியாவே போயிருக்கு."

சங்கம் யோசித்தது.

"நாப்பது கஜத்துலேருந்து," என்றார் க்ளெம். "விளிம்புல படாம."

"படாமலேயா?" என்றார் ஒருவர் மெதுவாக.

"நீங்களே பாருங்க. விளிம்புல ஒரு கீறல் இருக்கா?"

பூதக்கண்ணாடி வந்தது. பார்த்தார்கள். கீறலே இல்லை. கதவைத் துளைப்பதெல்லாம் முரட்டு வேலை, எந்தத் துப்பாக்கியும் செய்யும். ஏற்கெனவே இருக்கும் ஓட்டைக்குள் காற்றுப்போலப் புகுந்து போவதற்குத்தான் லாட்வுட் வேண்டும், அதற்குக் கையும் வேண்டும், மாட்டுக்கால் எண்ணெயும் வேண்டும் என்று ஐந்து நிமிஷத்துக்குள் தீர்மானமாகிவிட்டது. தையல் மெஷின் கட்சிக்காரர்கள் கடைசிப் பகுதிக்கு மட்டும் ஆட்சேபம் தெரிவித்தார்கள்.

"கயிறு இருந்துச்சே," என்றாள் ஐரிஸ். "கயிறு இருக்கிற ஓட்டையில குண்டு எப்படிப் போகும்?"

"கயித்தையும் அறுத்துட்டுப் போயிருக்கு," என்றார் க்ளெம். நிறுத்தவே முடியவில்லை அவரால்.

எல்லோரும் காரைத் திரும்பிப் பார்த்தார்கள். மிஸஸ் டிம்மின்ஸ் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"கயிறு ஒரு தடவை அறுந்தது உண்மைதான்," என்றாள். "ஞாயித்துக்கிழமை. அவர் பேப்பரோட உள்ளே உக்காந்திருந்தார். கதவு ஆன்னு தொறந்துகிச்சு. எதிரே பாதிரியார் நின்னுட்டிருந்தார்."

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. ஹொரேஸை இரண்டு பேர் தோளில் தூக்கப் பார்த்து, இடுப்புப் பிடித்துக்கொண்டதால் இறக்கிவிட்டார்கள். அவர் முகம் பளபளவென்று இருந்தது. "நான் அப்பவே நினைச்சேன், சத்தம் வரலையேன்னு," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். தூரம் ஐம்பது கஜமாகிவிட்டிருந்தது.

க்ளெம் ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டுபோய்க் காருக்குள் நீட்டினார். கிழவி வாங்கிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ ஃபாக்ஸால் வீட்டுப் பையன்தானே? கயிறு அறுந்த வாரம் உனக்குப் பொன்னுக்கு வீங்கி. நான்தானே உனக்குக் கஞ்சி எடுத்துட்டு வந்தேன்."

"ஜன்னல் வழியாப் பார்த்தேம்மா."

"உங்க வீட்டு ஜன்னல் ரோட்டுப் பக்கம்ல இருந்துச்சு."

"அப்ப இந்தப் பக்கம் இருந்துச்சும்மா."

அவள் தேநீரை ஊதி ஊதிக் குடித்தாள். "இருந்திருக்கும்," என்றாள்.

அன்றிலிருந்து க்ளெம்முக்கு மனசு லேசாகிவிட்டது. இப்போதெல்லாம் யாரும் கேட்பதற்கு முன்பே தலையாட்டுகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான், உங்களிடம் லாட்வுட்டும் இல்லை, எண்ணெய்ப் புட்டியும் இல்லை. ஆனால் போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உங்கள் மைத்துனர், தன் பழைய ஸ்கூட்டரில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறியதைச் சொல்லிவிட்டு, உங்கள் பக்கம் கையைக் காட்டினாரே, நினைவிருக்கிறதா? எதிரில் இருந்தவர்கள் எல்லோரும் இலையிலிருந்து தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் வாயில் அப்பளத்தோடு, "ஆமாமா, நான் பின்னாடிதானே உக்காந்திருந்தேன்" என்றீர்கள்.

உங்கள் மனைவி அன்றைக்கு உங்களை ஐரிஸ் மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். அவளிடம் அந்த ஸ்கூட்டர் இப்போது எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.