கமுக்கம் அண்ணன் கழற்றிய தையல் மிஷின்

போன வருடம் டிசம்பர் 23 காலை, எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் பதிவான குரல்செய்தி இது: "மார்க்கெட் போயிட்டு வந்து பாத்தா தையல் மிஷினக் காணோம். ஸ்டாண்டு மட்டும் நிக்குது, தலையக் கழட்டிட்டுப் போயிட்டாங்க." பேசியவர் எதிர்வீட்டு பாத்திமா அக்கா. நான் அதை இன்னும் அழிக்கவில்லை.

திருடனைப் போல நல்லது செய்யும் மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அவர் சமயநல்லூரில் எங்கள் தெருவில் இருக்கிறார். கப்பலூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். காதோடு அவர் சொல்லும் ரகசியம் நாகமலை வரை கேட்கும் என்பதால், தெரு அவருக்கு வைத்த பெயர் கமுக்கம்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் மனைவி ஸ்டெல்லா, கல்லூரி போகும் மகள் ஜெனி இருவரையும் கூட்டிக்கொண்டு தெருவுக்கு உதவி செய்ய இறங்கிவிடுவார். ஒரே விதி, செய்தது யாரென்று தெரியக் கூடாது. ஒரு வருடம் என் ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்து வைத்தார்கள். அடையாளம் தெரியாமல் அதைத் தாண்டிப் போய், வண்டி தொலைந்ததாகப் புகார் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். இன்னொரு வருடம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து கழுவினார்கள். அன்றைக்குப் பார்த்து மின்தடை. அந்த வீட்டில் மாலை வரை யாரும் பல் துலக்கவில்லை.

மிஷின் கடகடவென்று சத்தம் போடுவதாக அக்கா எப்போதோ சொன்னதை அண்ணன் மனதில் வைத்திருந்தார். அக்கா மார்க்கெட்டிலிருந்து திரும்புவதற்குள் எண்ணெய் போட்டு மாட்டிவிடலாம் என்பது திட்டம். கழற்ற வந்தது, மாட்ட வரவில்லை.

அக்கா வாசலில் உட்கார்ந்து அழுதார். தைக்க வாங்கியிருந்த கவுன்களைச் சாயங்காலம் கொடுக்காவிட்டால் அந்த வாடிக்கையே கைவிட்டுப் போய்விடும். அவர் வீடு ஓடுவதே அதில்தான்.

"யாருக்கு பாத்திமா கவுனு?" என்று கேட்டார் ஸ்டெல்லா.

"உங்க கோயில்ல பாட்டுப் பாடுற பிள்ளைகளுக்குத்தாங்க்கா."

ஸ்டெல்லா கணவரைப் பார்த்தார். "சொல்லுங்க."

"சொன்னா அது உதவியில்ல ஸ்டெல்லா," என்று அண்ணன் கிசுகிசுத்தார். தெரு முழுக்கக் கேட்டது.

"நீங்களாண்ணே? மிஷினு எங்க?"

"சாக்குல பாதி, வாளியில பாதி இருக்குத்தா."

"யா அல்லா" என்று எழுந்த அக்கா மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

என் மனைவியின் மிஷினைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். அக்கா தைத்தார். ஸ்டெல்லா ஓரம் மடித்தார். ஜெனி பட்டன் வைக்க, அண்ணன் இஸ்திரி போட்டார். அண்ணன் வீட்டில் முறுக்குக்குப் பிசைந்த மாவு அப்படியே கிடந்தது.

"அம்புட்டுச் சனமும் பாக்குதுப்பா," என்றாள் ஜெனி.

"பாக்கட்டும். நீ பட்டன நேரா வையி."

இருட்டுவதற்குள் கவுன்கள் போய்ச் சேர்ந்தன. கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லோரும் பாட்டைக் கேட்க, அண்ணன் மட்டும் பட்டன்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சாக்கையும் வாளியையும் ஒரு மெக்கானிக் மறுபடி மிஷினாக்குவதற்குள் புத்தாண்டு பிறந்துவிட்டது.

இனி யாருக்கும் எதுவும் செய்வதில்லை என்று அண்ணன் அன்றே முடிவெடுத்தார். இந்த டிசம்பரில் ஜெனி கேட்டும் அசையவில்லை. அப்போதுதான் பாத்திமா அக்கா ஒரு டேபிள் ஃபேனோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சுத்த மாட்டேங்குதுண்ணே. யாருக்கும் தெரியாம பாத்துக் குடுங்க. வேணும்னா நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

அண்ணன் ஸ்க்ரூ டிரைவர் தேடி உள்ளே ஓடினார்.

முந்தின நாள் அக்கா வீட்டில் அந்த ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததாக எனக்கு ஒரு ஞாபகம். அது உண்மையிலேயே பழுதா என்பதை நான் இதுவரை உறுதிசெய்யவில்லை. செய்வதாகவும் இல்லை.