ஸ்பாஞ்சில் அழுக்குப் படலாமா?

வேலை செய்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். வேலை செய்யாதவர்களை இன்னும் நன்றாகத் தெரியும். அவர்களில் பாதிப்பேர் உங்கள் சொந்தக்காரர்கள். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. சாமான்காரர். வேலையைவிட வேலைக்கான சாமான் மேல் உயிரையே வைத்திருப்பவர். முதலில் சரியான சாமான் கிடைக்கவில்லை என்று வேலையைத் தொடமாட்டார். கிடைத்த பிறகு, தொட்டால் சாமான் அழுக்காகிவிடுமே என்று தொடமாட்டார். குறை சொல்ல முடியுமா? இரண்டுமே நியாயமான காரணங்கள்தான்.

இவரைப் பார்க்க வேண்டுமானால் கட்டடச் சாமான் கடைக்குப் போங்கள். கல்லாவுக்குக் கீழே கடைக்காரர் குனிந்து ஒளிந்திருந்தால், சாமான்காரர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். ஒரு ஸ்பாஞ்சை எடுப்பார், அமுக்குவார், அது மெல்ல எழுந்து உட்காருவதைத் தாய் பார்ப்பதுபோலப் பார்ப்பார், காதருகே கொண்டுபோய்ப் பிழிந்து அது என்ன சொல்கிறது என்று கேட்பார், வெளிச்சத்தில் தூக்கி அதன் ஓட்டைகளை எண்ணுவார், பிறகு நீண்ட பெருமூச்சோடு, "இதைவிடக் கொஞ்சம் நல்லதா வருமா?" என்பார். வரும். எப்போதுமே வரும். அதுதான் அவருடைய வாழ்க்கையின் சோகம்.

எங்கள் தெருவில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். ஊரார் வைத்த பெயர் ஸ்பாஞ்ச் மாமா. அவர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு குளியலறை. அதில் புது டைல்ஸ் ஒட்டி முடித்தாயிற்று. டைல்ஸ் இடுக்குகளில் கிரவுட் என்கிற பசையை அடைத்து, மேலே வழிந்ததைத் துடைத்தெடுப்பது மட்டுமே பாக்கி. டைல்ஸ் போட்டவர் பக்கெட்டும் கையுமாக வந்து நின்றார். மாமா பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அதில் கிடந்த ஸ்பாஞ்ச் பல வீடுகளைப் பார்த்த ஸ்பாஞ்ச். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க போங்க தம்பி, துடைக்கிறதை நானே பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு மூடிய குளியலறைதான், பிறகு திறக்கவே இல்லை. குடும்பமே எதிர்வீட்டில் குளிக்க ஆரம்பித்தது. மாமி தினமும் காலையில் தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாகத் தெருவைக் கடப்பார், தெருவில் போகிறவர்கள் எல்லாரும், "குளிக்கவா?" என்று கேட்பார்கள். துண்டோடும் சோப்போடும் வேறு எங்கே போவார்கள், கச்சேரிக்கா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே மாமிக்குப் பாதி அழுக்கு கரைந்துவிடும்.

இதற்கிடையே மாமா ஆராய்ச்சியில் இருந்தார். சாப்பாட்டு மேஜையில் சாம்பாரைச் சிந்தி, அது கிரவுட் என்று வைத்துக்கொண்டு, மூலைக்கு மூலை குறுக்காகத் துடைத்துக் காட்டுவார். இடுக்கு போகிற வாக்கில் துடைத்தால் உள்ளே இருக்கிற பசையும் வந்துவிடும் என்பார். சொட்டச் சொட்ட நனைத்தால் பசை நீர்த்துப்போகும், பிழிந்த ஈரம்தான் கணக்கு என்பார். எல்லாம் சரி. சொன்னதில் ஒரு பிழை கிடையாது. நீச்சலைப் பற்றிக் கரையில் இருப்பவர் சொல்வது எப்போதுமே பிழையில்லாமல்தான் இருக்கும்.

ஒருநாள் எதிர்வீட்டு அம்மா மாமியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெளியூரிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வருகிறாளாம், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குளியலறை அவர்களுக்கே போதாதாம், தப்பாக நினைக்கக்கூடாதாம். மாமி தப்பாக நினைக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, மாமா முகத்துக்கு நேரே சோப்பு டப்பாவை வைத்தார்.

"இங்க பாருங்க. ஞாயித்துக்கிழமை காலையில நான் என் வீட்டுலதான் குளிப்பேன். இல்லேன்னா குளிக்கவே மாட்டேன். உங்க பக்கத்துலயேதான் உக்காருவேன்."

மாமா அரண்டுபோனார். அன்றே கடைக்குப் போய் உலகத்திலேயே நல்லதை வாங்கிவந்தார். சக்கரம் வைத்த பெரிய பக்கெட்; அதன் வாயில் ஸ்பாஞ்சைப் பிழிய இரண்டு உருளை; ஸ்பாஞ்சுக்குப் பலகை, பலகைக்குக் கைப்பிடி, கைப்பிடிக்கு உறை. அந்த வண்டி தெருவில் உருண்டு வந்தபோது நாய்கள் குரைக்கவில்லை. ஒதுங்கி நின்று வழிவிட்டன. நான் சொல்வது பொய் என்றால் என் பல் கொட்டிப்போகட்டும். ஏற்கெனவே கொட்டியவை கணக்கில் சேராது.

சனிக்கிழமை காலை மாமா பசையைக் குழைத்து, ரப்பர் பலகையால் இடுக்கெல்லாம் நிரப்பினார். நன்றாகவே நிரப்பினார். சற்றுப் பொறுத்து, அது இறுக ஆரம்பித்த பதத்தில் ஸ்பாஞ்சை நனைத்து, உருளையில் பிழிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குறுக்காக ஓர் இழுப்பு இழுத்தார். டைல்ஸ் பளிச்சென்று கண் திறந்தது. ஆனால் மாமா டைல்ஸைப் பார்க்கவில்லை. ஸ்பாஞ்சைத் திருப்பிப் பார்த்தார்.

சாம்பல் நிறம்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்? சேற்றில் விழுந்த பிள்ளையைப் போல அதை வாரியெடுத்துக் கழுவினார். கழுவிய தண்ணீரில் உருளை அழுக்காயிற்று. பிரஷ் எடுத்து உருளையைத் தேய்த்தார். பிரஷ் அழுக்காயிற்று, பல்துலக்கும் பிரஷால் அந்தப் பிரஷைத் தேய்த்தார். அதுவும் அழுக்காயிற்று, ஊசியை எடுத்து அதன் ஒவ்வொரு முடியையும் பிரித்துச் சுத்தம் செய்தார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள்; இங்கே எல்லாமே தேய்ந்தன, தரையைத் தவிர.

வாசற்படியில் நின்ற மாமி, "ஏங்க, தரை காயுதுங்க" என்றார்.

"இரு, ஸ்பாஞ்ச் இன்னும் காயல."

மாமி ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு உள்ளே பாய்வதற்குள் தரை இறுகிவிட்டது. துணிதான் கிழிந்தது. நிலாவில் இறங்கியவர்கள் எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதேபோலத் தரை, நடுவில் ஒரே ஓர் இழுப்பு மட்டும் கண்ணாடி. மாமா அசரவில்லை. காய்ந்த கிரவுட்டைச் சுரண்டி எடுப்பதற்கென்றே தனி மெஷின் இருக்கிறதாம், இனி அதைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அதுவரைக்கும் இந்தச் சாமான்களைத் துருப்பிடிக்காமல் வைக்க ஈரமே இல்லாத ஓர் அறை வேண்டுமே? வீட்டில் தண்ணீரே படாத அறை ஒன்றுதான் இருந்தது. குளியலறை. வண்டி உள்ளே போயிற்று. வெளியே பூட்டும் தொங்கியது.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர், நாளையிலிருந்து இடமில்லை என்பதை நினைவுபடுத்த வந்தார். மாமா அவரைக் குளியலறைக்கு அழைத்துப்போய் விளக்கைப் போட்டார். எதிர்வீட்டுக்காரர் பக்கெட் உருளையைச் சும்மா ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். சத்தமே இல்லாமல் சுற்றியது. இன்னொருமுறை சுழற்றினார். அவ்வளவுதான், மனுஷன் போய்விட்டார். உடம்பு அங்கேதான் நின்றது.

"எங்க வீட்டு டைல்ஸ்கூடக் கொஞ்சம் பழசுதான்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையோடு வந்து இறங்கிய எதிர்வீட்டு மகள் கண்டது, தங்கள் குளியலறைத் தரையை உளியால் பெயர்த்துக்கொண்டிருக்கும் அப்பாவை. "எப்படித் துடைக்கிறதுங்கறதைத்தான் முதல்ல முடிவு பண்ணணும்" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். இப்போது இரண்டு வீட்டுக்கும் குளிக்க இடமில்லை. பயணத்து வேர்வையில் குழந்தை வீறிட்டது. எதிர்வீட்டு அம்மா நடுத்தெருவில் நின்று தலையில் கை வைத்தார்.

மாமி பூட்டைத் திறந்தார். வண்டி வெளியே உருண்டு வந்தது. உருளைகளைக் கழற்றி மாமா கையில் கொடுத்தார், பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினார், குழந்தையை வாங்கினார்.

மாமா உருளைகளை மார்போடு அணைத்துக்கொண்டார். "அது கிரவுட் கழுவுற பக்கெட்."

"தெரியும். ஊசி வெச்சுக் குத்திக் குத்திச் சுத்தம் பண்ணியிருக்கீங்க. இந்தத் தெருவுலயே குழந்தை உக்காரத் தகுந்த சுத்தமான இடம் இது ஒண்ணுதான்."

குழந்தை உட்கார்ந்தது. ஸ்பாஞ்சைப் பிழிந்து மாமி அதன் முதுகில் விட்டார், மூலைக்கு மூலை குறுக்காக. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. பிறகு குழந்தைகள் தண்ணீரில் உட்கார்ந்தால் என்ன செய்யுமோ அதையும் செய்தது. நல்ல மஞ்சள் நிறம். தெருவே மாமாவைப் பார்த்தது. மாமா பல்துலக்கும் பிரஷோடு, பக்கெட் காலியாவதற்காகக் காத்து நின்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் சமையலறைத் தொட்டிக்குக் கீழே கொஞ்சம் குனிந்து பாருங்கள். நார்நாராகப் போன ஒன்றால் பாத்திரம் தேய்த்துக்கொண்டு, புதிய ஸ்பாஞ்சைக் கவர்கூடப் பிரிக்காமல் அங்கே ஒளித்து வைத்திருப்பது யார்? நான் யாரிடமும் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டுக் குளியலறை இப்போதைக்கு நன்றாக இருக்கிறது அல்லவா? போய் ஒருமுறை குளித்துவிடுங்கள், எதற்கும்.