கிடாக்கள் இருந்த விரதம்

திருநெல்வேலி டவுண்,
பரிதாபி வருஷம், புரட்டாசிக் கடைசி

சென்னையில் மாட்டு வைத்தியம் படிக்கும் சிரஞ்சீவி மருமகன் கைலாசத்துக்கு, கோர்ட்டு குமாஸ்தாவாயிருந்து பென்ஷன் வாங்கும் மாமன் குற்றாலலிங்கம் ஆசீர்வதித்து எழுதுவது. நெல்லையப்பர் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம், இரண்டு செம்மறிக் கிடாக்கள் நீங்கலாக.

போன வருஷம் திருச்செந்தூரில் சஷ்டி விரதமிருந்து, சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் சூரன் விழுமுன் நான் மயங்கி விழுந்ததை நீ அறிவாய். இந்த வருஷம் விரதம் கூடவே கூடாது என்று உன் அத்தை பிரம்மநாயகி ஒற்றைக்காலில் நிற்கிறாள். வேண்டுதலை எப்படி விடுவது? யோசித்ததில், குற்றம் பட்டினியில் இல்லை, அதற்கு முன் தின்ற எண்ணெயில்தான் என்று எனக்குப் பட்டது. உண்ணாத நாளில் உடம்பு முன்பு சேர்த்த கொழுப்பைத்தானே எரிக்கும்? எல்லாக் கொழுப்பும் ஒன்றுபோல் எரியுமா? நம் வீட்டில் நல்லெண்ணெய். உன் அத்தை பிறந்த குலசேகரன்பட்டினத்திலோ தேங்காயெண்ணெய். சோதித்துவிடுவோம் என்று ஆட்டுக்கிடை போடும் கீதாரி கொம்பையாவிடம் இரண்டு கிடா வாங்கி, ஒன்றுக்கு எள்ளுப் புண்ணாக்கும் மற்றதற்குத் தேங்காய்ப் புண்ணாக்குமாக ஒரு மாதம் போட்டேன். சைவ வீட்டில் கிடா கொழுப்பதைப் பார்த்துத் தெருவே மூக்கில் விரல் வைத்தது. பிறகு இரண்டையும் பட்டினி போட்டு, எடை பார்க்க ஐயம்பெருமாள் அண்ணாச்சி மண்டிக்கு ஓட்டிப்போனால், எள்ளுக் கிடா தராசிலேயே படுத்துவிட்டது; தேங்காய்க் கிடா துள்ளிப் போய் அண்ணாச்சியின் தோள் துண்டைத் தின்று விரதத்தை முடித்துக்கொண்டது. "கிடா பட்டினி கெடந்தா முருகன் ஒமக்கா வரம் குடுப்பாரு, வே?" என்று கேட்டார் அண்ணாச்சி. அவருக்கு ஆராய்ச்சி புரியவில்லை. எனக்குப் புரியாதது வேறு. இரண்டின் வாயையும் முகர்ந்து பார்த்தேன். தேங்காய்க் கிடாவின் மூச்சில் கனிந்த பழத்தின் வாசனை அடித்தது. பழமே காணாத கிடாவுக்கு அது எங்கிருந்து வந்தது? உன் வாத்தியார்களைக் கேட்டு அவசியம் எழுது.

ஆக, இன்று முதல் எனக்குத் தேங்காயெண்ணெய், சஷ்டிக்குத் திருச்செந்தூர். நீ படித்தவன், அத்தைக்கு ஒரு வரி எழுதினால் விட்டுவிடுவாள்.

உனக்கு நேரத்துக்குச் சோறும் நிறைந்த ஆயுளும் கிடைக்க ஆசீர்வாதம்.

குற்றாலலிங்கம்

பி.கு.: இதை உன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒங்களுக்கு ஊத்துன அதே நல்லெண்ணெயத்தான் நானும் தின்னேன். ஒங்களோடதான் ஆறு நாளும் பட்டினி கெடந்தேன். நானும் விழுந்திருந்தா ஒங்கள வண்டியில ஏத்துறது யாரு?"

அவளும் விரதமிருந்தாள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். மேற்படி ஆராய்ச்சி தள்ளுபடி. வெட்கமாக இருக்கிறது, மருமகனே. உங்கள் மாட்டு வைத்தியத்தில் இதற்கு ஏதும் மருந்து உண்டா?